ஊர்ப் பெண்களை உருவப்படம் எடுக்கும்போது யாருடைய விருப்பம் முதலில்?

கேள்வி:
புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கள் ஊர்ப் பெண்களைப் படம் எடுத்து, ஊர்ச் சமுதாயக் கூடத்திலேயே காட்சிக்கு வைக்க விரும்புகிறேன். கிராமத்துப் பெண் என்றாலே இடுப்பில் குடம், சுருக்கம் விழுந்த முகம், கறுப்பு வெள்ளைச் சோகம் என்று பழகிப்போன படங்களை விட்டு விலகி, நாற்று நடுபவரையும் நூறுநாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளரையும் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுபவரையும் அவரவர் வேலையோடு காட்ட வேண்டும் என்பது என் எண்ணம். முதல் நாள் களை எடுத்துக்கொண்டிருந்த அத்தை ஒருவரை நான் ஒரு படம் எடுத்ததும், "இரு தம்பி, பட்டுச்சேல கட்டிக்கிட்டு வாரேன்" என்று வீட்டுக்குப் போனவர், திரும்பி வந்து, சிரிக்காமல் நேராக நின்றார். இயல்பு போய்விட்டதே என்று வருந்துகிறேன். எந்தப் படத்தை வைப்பது?

பதில் 1:
அவர் நேராக நின்ற படத்தையே வையுங்கள். ஸ்டுடியோவில் படம் எடுத்துச் சுவரில் மாட்டிய தலைமுறைக்கு, படம் என்றாலே மரியாதையாக உடுத்தி நிற்பதுதான். அதைச் செயற்கை என்பது நம்முடைய பார்வை. 1936இல் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிப்போரின் முகாமில், ஒளிப்படக் கலைஞர் டோரதியா லாங்கே எடுத்த தாயின் படம் உலகெங்கும் வறுமையின் முகமாகவே அறியப்பட்டது. அந்தப் பெண்ணின் பெயரை லாங்கே கேட்கவே இல்லை. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற செரோக்கி பழங்குடிப் பெண் அவர் என்பது 1978இல்தான் வெளியே தெரிந்தது; அந்தப் படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்ற மனக்குறை அவருக்கு இருந்தது.

பதில் 2:
விருப்பத்தைக் கேட்பது சரி. ஆனால் வேலை செய்யும் படத்தைக் கைவிட வேண்டாம். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1993 முதல் 2002 வரை பத்து மாநிலங்களில் எடுத்த உழைக்கும் பெண்களின் படங்கள் பேருந்து நிலையங்களிலும் ஆலை வாசல்களிலும் வைக்கப்பட்டன. செங்கல் சுமப்பதும் சாணம் அள்ளுவதும் வேலைக் கணக்கிலேயே வராத நாட்டில், அவற்றைக் கண்ணெதிரே நிறுத்துவதும் மரியாதைதான்.

பதில் 3:
கேமராவை அவர்களிடமே கொடுத்துப் பாருங்களேன். சீனாவின் யுன்னான் மாகாணத்தில் 1992இல் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் இருவரும் 62 கிராமப் பெண்களுக்குக் கேமரா கொடுத்துத் தங்கள் அன்றாட வாழ்க்கையைத் தாங்களே எடுக்கச் செய்தனர். தாய் வயலில் வேலை செய்ய, குழந்தை கவனிப்பாரின்றிக் கிடக்கும் நிலையை அந்தப் படங்கள் அதிகாரிகளின் பார்வைக்குக் கொண்டுவந்தன. வெளியாள் ஒருவர் அழகுக்காக எடுத்துப் போயிருந்தால் இது பேச்சாகியிருக்காது. எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கத்தின் காலத்தில் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்ட பெண்கள் உங்கள் மாவட்டத்தினர்தாம். கேமரா அவர்களுக்குப் பெரிதல்ல.

கேட்டவர்:
இரண்டு படங்களையும் அச்சிட்டு அத்தையிடம் கொடுத்தேன். பட்டுச்சேலைப் படத்தை வீட்டுக்கு வைத்துக்கொண்டார். களை எடுக்கும் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, கூடத்தில் வைக்கலாம் என்று திருப்பித் தந்தார்; "கீழ எம் பேரப் போட்டு வையி" என்றார்.