முதலீட்டு மென்பொருள்: ஒதுக்கீடா, வகுப்பா? சொல் தேவை

அன்பர்களுக்கு வணக்கம்.

முதலீடுகளை மேலாளும் மென்பொருள் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கோப்பை அனுப்பியாக வேண்டும். போர்ட்ஃபோலியோ என்பதற்கு முதலீட்டுத் தொகுப்பு என்று வைத்துவிட்டேன். மற்ற மூன்றும்தான் இழுக்கின்றன.

அலொகேஷன்: பங்குகள் 60 விழுக்காடு, கடன் பத்திரங்கள் 40 என்று முன்பே வைத்துக்கொள்ளும் இலக்கு. ரீபேலன்சிங்: சந்தை ஏறிப் பங்குகள் 68 ஆகிவிட்டால், விற்று வாங்கி மறுபடி 60க்குக் கொண்டுவருவது. அப்புறம் அப்ரூவல் வொர்க்ஃப்ளோ: ஒருவர் மாற்றத்தை முன்மொழிவார், வேறொருவர் பார்த்து ஏற்பார் அல்லது திருப்பி அனுப்புவார்.

ஒதுக்கீடு, மறுசமன், அனுமதிப் பணிப்பாய்வு என்று எழுதியிருக்கிறேன். சரியா?

———

> ஒதுக்கீடு

தம்பி, ஒதுக்குவது என்றால் ஓரமாக வைப்பது. இங்கே பணம் ஓரமாகவா கிடக்கிறது? வேலை செய்யப் போகிறது. 'காத்த வகுத்தலும்' என்ற குறளை நினைத்துப் பாருங்கள். அந்த வகுத்தலுக்குப் பரிமேலழகர், அறம் பொருள் இன்பங்களின் பொருட்டு விடுத்தல் என்று உரை சொல்கிறார். இன்னொரு குறளில் 'வகுத்தான் வகுத்த வகையல்லால் கோடி தொகுத்தார்க்கும்' என்று தொகுப்பும் வகுப்பும் ஒன்றாகவே வருகின்றன. தொகுப்பு என்று வைத்தவர் வகுப்பை ஏன் விட வேண்டும்?

வகு, வகை, வகிர், வகிடு எல்லாம் ஓரினம். பகு, பகுதி, பகிர் பக்கத்து வீடு. பகலும் அங்கிருந்து வந்ததுதான். அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

———

ஐயா, பகல் மடலுக்குக் காத்திருக்கிறேன். ஆனால் நான் நிதிப் பாடம் நடத்துகிறவள். வகுத்தல் என்றால் மாணவர்கள் கணக்குப் போடத் தொடங்குவார்கள். வகுப்பு என்றால் தாங்கள் உட்கார்ந்திருக்கும் அறை. நிதி ஒதுக்கீடு என்பதைச் செய்தித்தாள் படிக்கும் எல்லோரும் அறிவார்கள்.

> மறுசமன்

60க்கு 40 சமன் இல்லையே. சீராக்கல் போதும்.

> அனுமதிப் பணிப்பாய்வு

இதை மட்டும் தயவுசெய்து மாற்றுங்கள். எந்தத் திரையை யார் திறக்கலாம் என்பதற்கு மென்பொருளில் ஏற்கெனவே அனுமதி என்றுதான் இருக்கும். திரையைப் பார்க்க அனுமதி உள்ளவருக்கு ஒப்புதல் தரும் உரிமை இருக்க வேண்டியதில்லை. முன்மொழிந்தவரே ஏற்கக் கூடாது என்பதுதான் இதன் உயிர். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் யார் கை எதுவரை நீளும் என்பது மங்கிவிடும். அடுத்தவர் பணம் ஐயா, அது. ஒப்புதல் என்றே வையுங்கள்.

———

ஒப்புதலுக்கு என் ஒப்புதல் உண்டு, அனுமதி வடசொல்லும்கூட. ஆனால் பணிப்பாய்வு வேண்டாம். நீர் பாயும், கோப்பு படிப்படியாகத்தான் மேலே போகும். ஒப்புதற்படி?

———

புணர்த்தினால் 'ஒப்புதலின்படி' என்று படிப்பார்கள் ஐயா. பிரித்து, பன்மையில், ஒப்புதல் படிகள்.

———

அனைவருக்கும் நன்றி. தனிமடல்களையும் சேர்த்தால் ஒதுக்கீட்டுக்கு ஐவர், வகுப்புக்கு இருவர். ஒதுக்கீடு, சீராக்கல், ஒப்புதல் படிகள் என்று அனுப்பிவிட்டேன். சீராக்கல் எனக்கு இன்னும் நிறைவாக இல்லை. பழைய இலக்குக்குத் திரும்புவது அந்தச் சொல்லில் தெரியவில்லை. அடுத்த பதிப்புக்குள் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

———

என் மறுப்பையும் பதிந்துகொள்ளுங்கள் தம்பி. பிரித்துக் கொடுப்பதற்கு வகுத்தல் என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. பகல் பற்றிய மடல் நாளை வரும்.