விளம்பரத் தளத்தில் பழைய லேப்டாப்: விற்பவர் அனுப்பிய டெலிவரி லிங்க்கை நம்பலாமா?

பனைஓலை (கேள்வி)

வணக்கம். ஒரு விளம்பரத் தளத்தில் செகண்ட்ஹேண்ட் லேப்டாப் பார்த்து வைத்திருக்கிறேன். இதே மாடல் மற்ற விளம்பரங்களில் போகும் விலையில் மூன்றில் இரண்டு பங்குதான் கேட்கிறார். விற்பவர் வெளியூர். ஆப்பில் இரண்டு மெசேஜ் ஆனதுமே வாட்ஸ்அப்புக்கு வரச் சொல்லிவிட்டார். கேட்காமலே அடையாள அட்டை போட்டோ அனுப்பினார். "தளத்தோட செக்யூர் டெலிவரி இருக்கு, பணம் அவங்ககிட்டதான் நிக்கும், பொருளைப் பாத்து நீங்க ஓகே சொன்னாத்தான் எனக்கு வரும்" என்று ஒரு லிங்க்கும் வந்திருக்கிறது. பக்கம் அச்சு அசல் அந்தத் தளம்தான். பூட்டுச் சின்னமும் உண்டு. அவருடைய புரொஃபைல் ஐந்து வருடப் பழசு, ரேட்டிங்கும் நன்றாக இருக்கிறது.

இதில் எதை நம்பலாம்? மோசடி என்றால் பணம் எந்த இடத்தில் போகும்? நேரில் போய்ப் பார்த்துவிட்டால் பிரச்சினை இல்லையா?

---

கம்பிவலை

லிங்க் திறந்ததோடு நிற்கட்டும். அதில் கார்டு எண் போடாதீர்கள்.

முதலில் முகவரியைப் படிக்கும் விதம். இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோடு வரைக்கும்தான் நமக்கு வேலை. அந்தச் சாய்கோட்டிலிருந்து பின்னோக்கி, வலமிருந்து இடமாகப் படியுங்கள். புள்ளிகளால் பிரிந்த கடைசி இரண்டு துண்டுகள்தான் உண்மையான டொமைன், அதாவது தளத்தின் பதிவான பெயர் (சில நாட்டுப் பின்னொட்டுகளில் மூன்று). "தளத்தின்பெயர்.செக்யூர்-டெலிவரி.காம்/ஆர்டர்" என்று இருந்தால் அது செக்யூர்-டெலிவரி.காம் வைத்திருப்பவனின் பக்கம். முன்னால் என்ன பெயரை வேண்டுமானாலும் அவன் ஒட்டிக்கொள்ளலாம். டொமைன் பதிவு விவரங்களைக் காட்டும் ஹூஇஸ் தேடலில் அது பதிவான தேதி தெரியும். பல வருடமாக நடக்கும் தளத்தின் பணப் பக்கம் போன வாரம் பதிவாகியிருந்தால் வேறு ஆராய்ச்சியே தேவையில்லை. பூட்டுச் சின்னத்துக்கு ஒரே பொருள்தான்: உங்களுக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவில் ஓடும் தகவலை வேறு யாரும் படிக்க முடியாது. எதிரே இருப்பவன் யார் என்று அது சொல்லாது. அந்தப் பூட்டைத் தரும் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது.

பக்கம் அச்சு அசலாக இருப்பதிலும் ஆச்சரியம் இல்லை. குரூப்-ஐபி என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கிளாசிஸ்கேம் என்று பெயரிட்ட வகை இது. 2019 வாக்கில் ரஷ்யாவில் தொடங்கி மற்ற நாடுகளுக்குப் பரவியது. டெலிகிராமில் ஒரு பாட் (தானாக இயங்கும் நிரல்) இருக்கும். அசல் விளம்பரத்தின் விவரத்தைக் கொடுத்தால் அதே படம், அதே விலையோடு போலிப் பணப் பக்கத்தை அதுவே தயாரித்துவிடும். வாங்குபவரிடம் பேசுகிறவனுக்குத் தொழில்நுட்பம் எதுவும் தெரிய வேண்டியதில்லை. 2023இல் ஈசெட் நிறுவனம் இதே மாதிரி இன்னொரு கருவியை டெலிகோபை என்ற பெயரில் விவரித்தது. ஏமாறுபவர்களை அந்தக் கும்பல்கள் 'மாமத்' (பழங்கால ராட்சத யானை) என்கிறார்களாம். கொழுத்த இரை.

பணம் போகும் இடம் கேட்டீர்கள். கார்டு எண், காலாவதித் தேதி, பின்பக்க மூன்று இலக்கம், பிறகு ஓடிபி. சில பக்கங்கள் "கார்டில் எவ்வளவு இருப்பு உள்ளது" என்றும் கேட்கும். எவ்வளவு உருவலாம் என்று கணக்குப் போடுவதற்கு. எந்த உண்மையான கடைக்கும் உங்கள் இருப்பு தேவையில்லை. ஓடிபி வரும்போது எண்ணை மட்டும் பார்க்காமல் மெசேஜ் முழுவதையும் படியுங்கள். யாருக்கு, எவ்வளவு என்று பெரும்பாலும் அதிலேயே இருக்கும். கார்டை ஒரு மொபைல் வாலட்டில் சேர்ப்பதற்கான ஓடிபி என்றிருந்தால் இன்னும் மோசம். அதைக் கொடுத்தால் உங்கள் கார்டு அவன் போனில் உட்கார்ந்துகொள்ளும். அதன்பின் ஒவ்வொரு செலவுக்கும் உங்களிடம் ஓடிபி கேட்க வேண்டியதில்லை.

பணம் போனபின் "ஏதோ கோளாறு, ரீஃபண்ட் லிங்க் தருகிறோம்" என்று அதே பக்கத்தின் சாட் பெட்டியில் ஒருவர் வருவார். அந்த ரீஃபண்ட் பக்கத்திலும் நீங்கள் செய்வது பணம் கட்டுவதுதான். இரண்டாவது முறையும் அதே தொகை போகும்.

தளத்துக்கு உண்மையிலேயே டெலிவரி வசதி இருந்தால் ஆப்பைத் திறந்து, அதே விளம்பரத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தி நீங்களே போக முடியும். விற்பவர் லிங்க் அனுப்பித்தான் போக வேண்டும் என்ற நிலை வராது.

அடையாள அட்டைக்கு மதிப்பு பூஜ்யம். முன்பு ஏமாந்த ஒருவர் "நம்பிக்கைக்காக" அனுப்பியதாக இருக்கும். உங்களிடமும் கேட்பார், கொடுக்காதீர்கள். அடுத்த ஆளிடம் உங்கள் முகம் போகும். பழைய புரொஃபைல் திருடப்பட்ட கணக்காக இருக்கலாம். முன்பு என்ன விற்றார், எந்த ஊரிலிருந்து, எந்த நடையில் எழுதினார் என்று பாருங்கள். நாலு வருடம் குழந்தைத் துணி விற்ற கணக்கு, நீண்ட இடைவெளிக்குப் பிறகு திடீரென ஒரே நாளில் லேப்டாப், கேமரா, போன் என்று அடுக்கினால் ஆள் மாறிவிட்டார்.

---

எதிரொளி

படத்தைப் பற்றி. கூகுள் லென்ஸ், டின்ஐ என்ற இரண்டு படத் தேடல் கருவிகளிலும் தேடுங்கள். கிடைக்காவிட்டால் இடம்-வலம் திருப்பிப் போட்டு இன்னொரு முறை தேடுங்கள். தேடலில் சிக்காமல் இருக்கப் படத்தைத் திருப்பிப் போடுவது பழைய வித்தை. கீபோர்டு எழுத்தும் போர்ட் இருக்கும் பக்கமும் பார்த்தாலே திருப்பியது தெரிந்துவிடும். படக் கோப்பில் தேதி, இடம் எதுவும் இல்லை என்று சந்தேகப்பட வேண்டாம். பெரும்பாலான தளங்களும் மெசெஞ்சர்களும் அதை அழித்துவிட்டுத்தான் படத்தை அனுப்புகின்றன.

கையில் பொருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், முன்கூட்டித் தயார் செய்ய முடியாத எதையாவது கேளுங்கள். "இன்றைய தேதியும் என் பெயரும் எழுதிய தாளோடு படம்" என்பது போதாது, தாளில் எழுத்தை எடிட் செய்ய ஒரு நிமிடம் போதும். வீடியோ காலில் மூடியை 45 டிகிரிக்குச் சாய்த்து, அடியில் இருக்கும் சீரியல் எண்ணைக் காட்டி, வெட்டாமல் அப்படியே ஆன் செய்து திரையில் வரும் சீரியல் எண்ணையும் காட்டச் சொல்லுங்கள். "கேமரா ரிப்பேர்", "நெட் சரியில்லை", "ராணுவத்தில் இருக்கிறேன், வீடியோவுக்கு அனுமதி இல்லை" என்று பதில் வந்தால் முடிவு தெரிந்துவிட்டது.

---

பனைஓலை

நன்றி. லிங்க் வேண்டாம் என்றதும் உடனே ஒத்துக்கொண்டார். பொருள் அவர் மச்சான் வீட்டில் இருக்கிறதாம், நேரில் பார்க்கலாமாம். மச்சான் வீடியோவும் அனுப்பினார், எதிரொளி சொன்ன எல்லாமே அதில் சரியாக இருக்கிறது. ஒரே நிபந்தனை: மச்சானிடம் விலை பற்றிப் பேசக்கூடாது, அவர்களுக்குள் ஒரு கடன் கணக்கு இருக்கிறதாம். இது பரவாயில்லையா?

---

தராசுமுள்

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. பொருள் உண்மை, ஆள் உண்மை, வீடு உண்மை. ஆனாலும் பணம் போய்விடும். வீடியோ கால் கேட்டாலும் இதில் தப்ப முடியாது என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

நடுவில் இருப்பவனிடம் லேப்டாப்பே கிடையாது. வேறொருவர் நியாயமான விலைக்குப் போட்ட விளம்பரத்தைப் பார்த்து, அதே படங்களோடு குறைந்த விலைக்கு இன்னொரு விளம்பரம் போட்டிருக்கிறான். அந்த உண்மையான உரிமையாளரிடம் "பேரம் இல்லை, கேட்ட விலை தருகிறேன், என் மச்சான் வந்து பார்ப்பார், நான்தான் பணம் கட்டுவேன், அவரிடம் விலை பேச வேண்டாம்" என்று சொல்லியிருப்பான். உங்களிடம் அவரை மச்சான் என்கிறான், அவரிடம் உங்களை மச்சான் என்கிறான். நீங்கள் கேட்ட வீடியோவை அவரிடம் கேட்டு வாங்கி உங்களுக்குத் தள்ளிவிட்டான், அவ்வளவுதான். நீங்கள் போய்ப் பார்க்கிறீர்கள், பிடிக்கிறது, நடுவில் இருப்பவன் சொன்ன கணக்குக்குப் பணம் அனுப்புகிறீர்கள். லேப்டாப்பைத் தூக்கும்போது உரிமையாளர் "எனக்கு இன்னும் பணம் வரலையே" என்பார். அப்போதுதான் இருவருக்கும் விளங்கும். அதற்குள் அந்த எண் அணைந்திருக்கும்.

விலை பேசாதே என்ற நிபந்தனை இல்லாமல் இந்த ஏற்பாடு நிற்காது. இரண்டு பேரும் வெவ்வேறு தொகையைச் சொல்லிவிட்டால் அந்த நொடியே உடைந்துவிடும். ஆகவே காரணம் கடனோ, குடும்பச் சண்டையோ, பிறந்தநாள் பரிசோ, நிபந்தனை மட்டும் மாறாது.

இதில் இன்னொரு வகையும் உண்டு, அதைக் கண்டுபிடிப்பது கடினம். உங்களைப் பணம் அனுப்பச் சொல்லும் கணக்கு, சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஒருவருடையதாக இருக்கும். அவர் ஒரு போன் விற்கிறார் என்று வையுங்கள். மோசடிக்காரன் அவரிடம் போன் வாங்குகிறான், அதற்கான பணத்தை நீங்கள் கட்டுகிறீர்கள், போனோடு அவன் மறைந்துவிடுகிறான். பிறகு உங்கள் புகார் அந்த அப்பாவி மேல் பாயும், முடங்குவதும் அவர் கணக்குதான். கணக்கு எண்ணும் பெயரும் பொருந்துகிறதா என்று பார்ப்பதில் பயனில்லை என்பது இதனால்தான்.

செய்ய வேண்டியது இதுதான். பொருளைக் கையில் வைத்திருப்பவரிடம், பணம் அனுப்பும் முன், நேருக்கு நேர் மூன்று கேள்வி: இது உங்களுடையதா, உங்களுக்கு எவ்வளவு வர வேண்டும், எந்தக் கணக்குக்கு. மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் பணம் அனுப்பப் போனை எடுக்காமல் அவரிடமே முழுக்கதையும் சொல்லுங்கள். அவருக்கும் அது உதவி. பெரும்பாலும் அவருடைய உண்மையான விலைக்கே அங்கேயே வியாபாரம் முடிந்துவிடும்! பணம் அனுப்பியதும் உங்கள் ஸ்கிரீன்ஷாட்டை அவர் நம்ப வேண்டாம், அவருடைய வங்கி ஆப்பில் வரவு தெரியும் வரை இருவரும் காத்திருங்கள்.

---

சால்டரிங்

போய்ப் பார்ப்பது என்று முடிவானால் கைவசம் வேண்டியவை: உங்கள் போன் ஹாட்ஸ்பாட், அரை மணி நேரம். அவசரப்படுத்தும் ஆளிடம் வாங்காதீர்கள்.

சார்ஜரைக் கழற்றிவிட்டு ஆன் செய்யச் சொல்லுங்கள். பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே வரும் அடிப்படை அமைப்பு) திரைக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால், அதை அவர் அங்கேயே நீக்கித் தராத வரை வாங்காதீர்கள். அந்தத் திரையில் வரும் சீரியல் எண், அடிப்பக்க ஸ்டிக்கர், தயாரிப்பாளரின் வாரண்டிப் பக்கம் மூன்றும் ஒரே மாடலைச் சொல்ல வேண்டும்.

அதிகம் பேர் மாட்டுவது நிறுவனப் பூட்டில். அலுவலக லேப்டாப்பை நெட் இல்லாமல் ஒரு லோக்கல் கணக்கோடு அமைத்துக் காட்டுவார்கள், எல்லாம் சரியாக ஓடும். பிறகு ஒரு நாள் நீங்கள் ரீசெட் செய்து நெட்டில் இணைத்ததும் ஏதோ நிறுவனத்தின் பெயரோடு லாகின் கேட்கும். அங்கேயே ரீசெட் போட்டு, உங்கள் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, டெஸ்க்டாப் வரும் வரை பார்ப்பதுதான் ஒரே சோதனை. ஆப்பிள் கருவி என்றால் பழைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து அங்கேயே வெளியேற வேண்டும். பிறகு முழுவதும் அழித்து, முதல் அமைப்பைத் தாண்டிப் பாருங்கள். "பாஸ்வேர்டு அப்புறம் அனுப்புறேன்" என்பதை ஏற்க வேண்டாம்.

விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால் புதிதாக இருந்தபோதைய கொள்ளளவும் இப்போது முழு சார்ஜில் நிற்பதும் பக்கத்துப் பக்கத்தில் வரும். எஸ்எஸ்டி (தகவலைச் சேமிக்கும் டிஸ்க்) எத்தனை மணி நேரம் ஓடியது என்று கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் காட்டும். "ஆறு மாசம்தான் ஆச்சு" என்றவரின் டிஸ்க் 9,000 மணி காட்டினால் ஒரு வருடத்துக்கு மேல் இரவு பகலாக ஓடியிருக்கிறது (கேமிங் மாடலில் தனி கிராஃபிக்ஸ் சிப் இருந்தால் ஜிபியூ-இசட் என்ற மென்பொருளில் பாருங்கள், பெயர் மாற்றி எழுதிய போலி என்று சந்தேகம் வந்தால் அதுவே சொல்லிவிடும்).

போன் வாங்குபவர்களுக்கு ஒரு வரி: *#06# அடித்து வரும் 15 இலக்க ஐஎம்இஐ (போனின் அடையாள எண்) இன்று எந்தத் தடையும் இல்லாமல் சுத்தமாக இருந்தாலும், தவணை பாக்கி உள்ள போன் என்றால் நாளை முடக்கப்படலாம். முதல் பில்லைக் கேளுங்கள்.

---

கம்பிவலை

நேரில் போக வழியே இல்லாமல் கூரியரில்தான் என்றால், பணம் எந்த வழியில் போகிறது என்பதே முக்கியம். வங்கிப் பரிமாற்றம், கிரிப்டோ, கிஃப்ட் கார்டு மூன்றிலும் போனது திரும்புவது அரிது. பேபாலில் "நண்பர்கள், குடும்பத்தினர்" வகையில் அனுப்பினால் வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. கட்டணம் மிச்சம் என்று சொல்லி அதில் அனுப்பச் சொல்வது அதற்காகத்தான். பொருள் வாங்கும் வகையில் அனுப்பினால் 180 நாளுக்குள் தகராறு பதியலாம். பதிந்தபின் 20 நாளுக்குள் அதைக் கிளெய்மாக உயர்த்தாவிட்டால் தானாக மூடிவிடும், மூடியதைத் திரும்பத் திறக்க முடியாது. "கேஸை மூடுங்க, உடனே ரீஃபண்ட் போடுறேன்" என்று விற்பவர் கெஞ்சுவது இதைத் தெரிந்துதான்.

டிராக்கிங்கில் "டெலிவரி ஆனது" என்று வந்து, உங்களுக்கு ஒன்றும் வரவில்லையா? உங்கள் ஊரிலேயே வேறு முகவரிக்கு ஒரு காலி உறையை அனுப்பியிருக்கலாம். கூரியர் நிறுவனத்திடம் டெலிவரி முகவரி, கையெழுத்து, பதிவான எடை மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். லேப்டாப் என்று விற்ற பார்சல் 150 கிராம் என்று பதிவாகியிருந்தால் தகராறில் அதைவிட வலுவான ஆதாரம் இல்லை. பிரிக்கும் வீடியோ எடுப்பதும் நல்லதுதான்: ஆறு பக்கமும், லேபிளும், தராசில் எடையும், வெட்டாமல் ஒரே ஓட்டமாக.

---

தூண்டில்

குறுக்கே ஒரு கேள்வி. விற்பவர் "நீங்க உண்மையான ஆளான்னு பாக்கணும், ஒரு ஆறு இலக்க எண் வரும், சொல்லுங்க" என்கிறார். பணம் எதுவும் கேட்கவில்லை. சொன்னால் என்ன ஆகும்?

---

எதிரொளி

அது உங்கள் வாட்ஸ்அப்பையோ தளக் கணக்கையோ அவர் போனில் திறப்பதற்கான எண், அல்லது உங்கள் நம்பரை வைத்து வேறு கணக்கு தொடங்குவதற்கானது. பனைஓலை பார்த்த ஐந்து வருடப் புரொஃபைலும் இப்படிக் கைமாறியதாக இருக்கலாம். சொல்லாதீர்கள். சொல்லிவிட்டீர்கள் என்றால் உடனே உங்கள் போனில் வாட்ஸ்அப்பை மறுபடி பதிவு செய்யுங்கள், அவர் வெளியே தள்ளப்படுவார். பிறகு இரண்டு-படிச் சரிபார்ப்பு பின்னைப் போட்டு, இணைந்த சாதனங்கள் பட்டியலில் தெரியாதது எது இருந்தாலும் நீக்குங்கள். விளம்பரத் தளத்திலும் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதி இருந்தால் அதையும் அழுத்துங்கள்.