"மு. செல்வி" "ம. செல்வி" ஆன கதை: ஏஜென்ட்டுக்கு எழுதிய குறிப்பை எப்படிச் சோதிக்கிறீர்கள்?

பள்ளிக் கட்டண ரசீது அச்சடிக்கும் ஒரு சின்ன மென்பொருளை நானும் ஒரு நண்பரும் பராமரிக்கிறோம். போன ஜூனில், பள்ளி திறந்த வாரம், அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா ரசீதைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்பினார். முருகன் மகள் செல்வியின் பெயர் "ம. செல்வி" என்று அச்சாகியிருந்தது. "மு எங்க சார் போச்சு?" என்று கேட்டார். போய்ப் பார்த்தால் அந்த வாரத்து ரசீது எல்லாவற்றிலும் இதே கூத்து. கோபாலன் பிள்ளைகள் "க." ஆகியிருந்தார்கள், சேகர் பிள்ளைகள் "ச.".

தமிழில் கோடு எழுதியவர்களுக்குக் காரணம் உடனே தெரிந்திருக்கும். யூனிகோடில் "மு" என்பது ஒன்றல்ல. மகரம் ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. பெயரின் முதல் குறியீட்டை மட்டும் எடுத்தால் காலும் கொம்பும் சுழியும் உதிர்ந்துவிடும். எழுதியது ஏஜென்ட், அதாவது நாம் சொல்லும் வேலைக்குத் தானே கோடு எழுதும் ஏஐ. சரியாகப் பார்க்காமல் அதை மென்பொருளில் சேர்த்தது (மெர்ஜ்) நான்.

எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். ஏஜென்ட் வேலைக்கு முன் படிக்கும் குறிப்புக் கோப்பின் பெயர் ஏஜென்ட்ஸ்.எம்டி. எங்கள் கோப்பில் இதற்கென்றே ஒரு வரி இருந்தது: "தமிழ்ப் பெயர்களை மிகவும் கவனமாகக் கையாளவும்." தடித்த எழுத்தில் வேறு. படித்துப் பார்த்தால் நல்ல குறிப்பு மாதிரிதான் இருக்கும்.

சரி, இந்தக் கோப்பு உண்மையிலேயே ஏதாவது செய்கிறதா என்று ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தேன். பழைய கமிட்களிலிருந்து (முன்பு சேமித்த கோடு மாற்றங்கள்) ஆறு வேலைகளைப் பொறுக்கினேன். ஒவ்வொன்றையும் கோப்போடு மூன்று முறை, கோப்பே இல்லாமல் மூன்று முறை ஓட்டினேன். (ஒரு முறை ஓட்டிவிட்டு முடிவு கட்டாதீர்கள். அதே ஏஜென்ட் அதே வேலையைக் காலையில் ஒரு மாதிரியும் சாயங்காலம் வேறு மாதிரியும் செய்யும்.) பாஸா ஃபெயிலா என்பதை டெஸ்ட் (கோடு சரியா என்று தானாகச் சோதிக்கும் நிரல்) சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன், என் கண்ணை நம்பவில்லை.

இனிஷியல் வேலையில் கோப்பு இருந்தாலும் அதே தப்பு, இல்லாவிட்டாலும் அதே தப்பு. அப்புறம் வரி வரியாக எடுத்துப் பார்த்தேன். "நீ 15 வருட அனுபவமுள்ள பொறியாளர்" என்பதை எடுத்தேன், ஒன்றும் மாறவில்லை. "சுத்தமான, எளிதில் படிக்கக்கூடிய கோடு எழுது" என்பதை எடுத்தேன்; அதே கதை. ஆனால் டெஸ்டை எந்தக் கட்டளையில் ஓட்டுவது என்ற ஒற்றை வரியை எடுத்ததும் ஏஜென்ட் தடுமாறி, பாதி ஓட்டங்களில் டெஸ்ட் ஓட்டாமலேயே "முடிந்தது" என்றது. நான் பெருமையாக எழுதிய வரிகள் தண்டம், போகிற போக்கில் எழுதிய வரி மூச்சு.

அந்தத் தமிழ்ப் பெயர் வரியை இப்படி மாற்றினேன்: "இனிஷியல் எடுக்க எழுத்துக்கருவி கோப்பிலுள்ள ஃபங்ஷனை மட்டும் கூப்பிடு. முருகன் என்றால் மு., கோபாலன் என்றால் கோ. முடித்ததும் பெயர் டெஸ்டை ஓட்டு." மூன்றுக்கு மூன்றும் சரியாக வந்தது. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அந்த ஃபங்ஷன் அதுவரை எங்களிடம் இல்லவே இல்லை. அன்றைக்குத்தான் கிராஃபீம் கணக்கில், அதாவது குறியோடு சேர்ந்த முழு எழுத்தாக, வெட்டும்படி எழுதினேன், 11 வரி. இல்லாத கருவிக்கு "கவனம்" என்று போர்டு மாட்டி வைத்திருந்தோம்.

உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

* * *

நான் சோம்பேறி. என் கோப்பை ஒரு ஏஐ மாடலிடமே கொடுத்து "பத்துக்கு எத்தனை?" என்று கேட்டேன். ஒன்பது கொடுத்தது. அமைப்பு அருமை, தலைப்புகள் தெளிவு என்று பாராட்டு வேறு. அதே புராஜெக்டுக்கு எங்கள் டீமில் இன்னொருவர் எழுதிய 20 வரிக் கோப்புக்கு ஐந்து. அவருடையதில்தான் பில்ட் கட்டளை சரியாக இருந்தது. என்னுடையதில் அது நாங்கள் எப்போதோ தூக்கிப்போட்ட ஸ்கிரிப்டின் பெயர். கோப்பை மட்டும் படித்து மார்க் போடுகிறவருக்கு அந்த ஸ்கிரிப்ட் செத்துப்போனது எப்படித் தெரியும்?

* * *

அண்ணா, என் கதை கொஞ்சம் வேடிக்கை. நான் கோடெக்ஸ் (ஓப்பன்ஏஐயின் ஏஜென்ட்) பயன்படுத்துகிறேன். குறிப்புகளைத் தமிழிலேயே எழுதுவேன், நன்றாகவே புரிந்துகொள்ளும். மேல் ஃபோல்டரில் ஒரு பெரிய ஏஜென்ட்ஸ்.எம்டி, பேமெண்ட் ஃபோல்டருக்குள் தனியாக ஒன்று. அந்த உள்கோப்பின் கடைசியில் "தொகையை எப்போதும் பைசாவில், முழு எண்ணாக வை" என்று எழுதியிருந்தேன். ஏஜென்ட் அதைக் கண்டுகொள்ளவே இல்லை, தசமத்திலேயே வைத்துக்கொண்டிருந்தது. நானும் அந்த வரியை நாலு தடவை திருத்தி எழுதினேன், ஆச்சரியக்குறி எல்லாம் போட்டு.

கடைசியில், "உனக்குக் கிடைத்த குறிப்புகளின் கடைசி வரியைச் சொல்" என்று கேட்டேன். அது சொன்ன வரி உள்கோப்பின் நடுவில் இருந்தது. மேலிருந்து கீழாகக் கோப்புகளைச் சேர்த்துக்கொண்டே வரும், இயல்பாக 32 கிலோபைட் வரைதான். இது ஆவணத்திலேயே இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. அதோடு யூடிஎஃப்-8இல் (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். "அம்மா" என்று எழுதினால் 15 பைட். மேல்கோப்பே 30 கிலோபைட்டைத் தின்றுவிட்டது, பைசா வரி வாசலிலேயே நின்றுவிட்டது. மேல்கோப்பைப் பாதியாக வெட்டினேன், வேறெதையும் தொடவில்லை. பைசா வந்துவிட்டது.

* * *

என் அனுபவத்தில் "செய்யாதே" என்று எழுதும் வரிகள்தான் ஆளைக் கவிழ்ப்பவை. "மைக்ரேஷன் கோப்புகளைத் தொடாதே" என்று எழுதியிருந்தோம். டேட்டாபேஸ் அமைப்பை (ஸ்கீமா) மாற்றும் படிகள் இருக்கும் கோப்புகள் அவை. தொடவில்லை, உண்மைதான். டேபிளில் புதிய நெடுவரிசை ஒன்று தேவைப்பட்டபோது நேராக எஸ்கியூஎல் (டேட்டாபேஸுக்கான கட்டளை) எழுதி டேட்டாபேஸில் சேர்த்துவிட்டது. சொல்லைக் காப்பாற்றியது என்றுதான் சொல்ல வேண்டும்! நல்லவேளை, என் லேப்டாப்பில் இருந்த டேட்டாபேஸ். இப்போது வரி இப்படி: "ஸ்கீமா மாற வேண்டுமென்றால் புதிய மைக்ரேஷன் உருவாக்கு, பழையதைத் திருத்தாதே." ஒரு மாதமாகப் பிரச்சினை இல்லை.

உண்மையிலேயே நடக்கக் கூடாததைக் கோப்பில் எழுதுவதை விட்டுவிட்டேன். ஆந்த்ரோபிக்கின் கிளாட் கோட் ஏஜென்ட்டில் ஹுக் என்று ஒன்று இருக்கிறது. கருவி ஓடுவதற்கு முன் நம் ஸ்கிரிப்ட் ஓடி, வேண்டாமென்றால் தடுத்துவிடும். நேரடி எஸ்கியூஎல் அங்கேயே நின்றுவிடுகிறது. கோப்பில் ஒரு வரியும் மிச்சம்.

* * *

முதலில் எழுதியவன்தான். 32 கிலோபைட் கதையைப் படித்ததும் ஓடிப்போய் எங்கள் கோப்பை அளந்தேன், 19 கிலோபைட். தப்பித்தோம். 340 வரி இருந்தது இப்போது 58. ஹுக் யோசனையைத் திங்கட்கிழமை எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. மீதியுள்ள வரிகளில் பாதி தமிழ், பாதி ஆங்கிலம். தமிழ் வரிகளை ஆங்கிலமாக்கினால் ஏஜென்ட்டின் நடத்தை மாறுமா? அதே ஆறு வேலைகளை மறுபடி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு முடிந்திருக்கிறது, இதுவரை வித்தியாசம் இல்லை. மீதி நாலையும் முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.