ஃபேன் போட்டால் உப்பு ஏறுகிறது, நிறுத்தினால் சூடு ஏறுகிறது: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். மதுரை வில்லாபுரத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் 200 லிட்டர் கடல் மீன் தொட்டி வைத்திருக்கிறேன். ஒரு ஜோடி க்ளவுன் மீன், கொஞ்சம் சோவாந்தஸ் (பூப்போல விரியும் பவள வகை உயிர்), அவ்வளவுதான். தை மாதம் வரை 26 டிகிரியில் சமர்த்தாக இருந்த தண்ணீர், சித்திரை பிறந்ததும் மதியம் 31ஐத் தொடுகிறது. சோவாந்தஸ் மூன்று நாளாக விரியாமல் மொட்டு மொட்டாகவே கிடக்கிறது.

தொட்டிக்கு மேல் இரண்டு சின்ன ஃபேன் மாட்டினேன். சூடு இரண்டு டிகிரி இறங்கியது, சரி. ஆனால் தினமும் 4 லிட்டர் ஆவியாகிறது. போவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கிறது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வந்த சொந்தக்காரர் கூட்டத்தில் மூன்று நாள் தொட்டிப் பக்கமே போகவில்லை. பார்த்தால் 12 லிட்டர் குறைந்து, 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) இருந்த உப்பு 37ஐத் தாண்டியிருக்கிறது. பதறிப்போய் ஆர்ஓ தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றினேன். அது என் முட்டாள்தனம்தான், கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருக்க வேண்டும்.

இப்போது தானாகத் தண்ணீர் நிரப்பும் மிதவை வால்வு வாங்கலாமா? உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும் என்கிறார்கள், சென்சார் வகை பரவாயில்லையா? தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கினால் கரண்ட் போகும்போது வீட்டு இன்வெர்ட்டர் தாங்குமா? அப்புறம், உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை ஆர்ஓ தண்ணீரில் சுழியம் வைத்தால் போதுமா, அளவு சரிபார்க்க 35 பிபிடி கரைசல் கட்டாயம் வேண்டுமா?

ஐஸ் பாட்டில் போடச் சொல்லாதீர்கள். போட்டுப் பார்த்துவிட்டேன், சூடு ஊஞ்சல் ஆடுகிறது.