யாழினிக்கு நடுவில் கமலம்: இழுக்கிறதா, இல்லையா?

பொன்னி_நியூஜெர்சி:
நேற்று மாறன் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆறவே இல்லை. "யாழினி என்ற பெயருக்கு நடுப்பெயர் ஓரசையில்தான் இருக்க வேண்டும். கமலம் மூன்றசை, இழுக்கும். ரோஸ், கிரேஸ் மாதிரி ஏதாவது வையுங்கள்" என்று தீர்ப்பே எழுதிவிட்டார். கமலம் என் அம்மாவைப் பெற்ற பாட்டி. என்னை வளர்த்து ஆளாக்கியவர். இங்கே பிள்ளை பெற்று வீடு திரும்புவதற்குள் பிறப்புச் சான்றிதழுக்கான படிவத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். முதற்பெயர், நடுப்பெயர், கடைசிப்பெயர் என்று மூன்று கட்டம். முதலில் யாழினி. கடைசியில் என் கணவர் பெயர் செந்தில்குமார். பாட்டிக்கு மிச்சம் அந்த நடுக்கட்டம்தான். அதிலும் ரோஸைக் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டுமா?

டல்லாஸ்_மாறன்:
பாட்டியை நான் ஒன்றும் சொல்லவில்லை. ஓசையைத்தான் சொன்னேன். யா-ழி-னி மூன்று. க-ம-லம் மூன்று. பின்னால் செந்-தில்-கு-மார் நான்கு. மொத்தம் பத்து. இந்த நாட்டில் பெண் குழந்தைகளுக்கு ரோஸ், ஆன், கிரேஸ் எல்லாம் நடுவில் ஏன் இத்தனை வருகின்றன? இரண்டு நீளப் பெயர்களுக்கு நடுவே குட்டையாக ஒன்று வந்தால் காதுக்கு இதம். கமலம் மூன்றசை. விஷயம் அவ்வளவுதான்.

வெண்பாப்பிரியன்:
கமலம் மூன்றசையா? எங்கே தமிழ் படித்தீர்கள் ஐயா? கம-லம். இரண்டு குறில் சேர்ந்து வந்தால் ஒரே அசை, அது நிரை. குறிலோ நெடிலோ தனியாக நின்றால் நேர். நிரை நேர் சேர்ந்தால் வாய்பாடு புளிமா. ஈரசைச்சீர், இரண்டே அசை. பள்ளியில் அலகிட்டு வாய்பாடு எழுதிய எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். யாழினியும் மூன்று கிடையாது. யா-ழினி. நேர் நிரை. கூவிளம். அடிப்படையே தெரியாமல் அடுத்தவர் வீட்டுக் குழந்தைக்குப் பெயர் வைக்கக் கிளம்பிவிடுகிறார்கள்.

டல்லாஸ்_மாறன்:
ஏட்டில் அலகிடுவது வேறு, வாயால் கூப்பிடுவது வேறு. க. ம. லம். மூன்று.

வெண்பாப்பிரியன்:
இரண்டு. கம. லம். நீங்கள் சொல்லும் ரோஸ் நேரசை, 'நாள்' என்னும் வாய்பாடு. அந்த ஓரசைச்சீர் வெண்பாவில் ஈற்றில்தான் வரும், நடுவில் வராது. அதை நடுவில் வை என்கிறீர்கள். போன பொங்கலன்று புத்தாண்டு தையா சித்திரையா என்ற சண்டையிலும் இப்படித்தான் ஆதாரம் கேட்டதும் காணாமல் போனீர்கள்.

தூத்துக்குடி_மேரி:
ஒரு நிமிஷம். பொன்னி, "ரோஸைக் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டுமா" என்றால் என்ன அர்த்தம்? எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ரோஸ்மேரியும் ரோஸ்லினும் இருக்கிறார்கள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரைப் பிள்ளையின் கூப்பிடு பெயரோடு சேர்த்து எழுதுவது எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக வருகிற வழக்கம். அது ஏதோ வெளிநாட்டு மோகம் போலப் பேசாதீர்கள்.

பொன்னி_நியூஜெர்சி:
மேரி அக்கா, உங்கள் வீட்டு ரோஸ் உங்களுக்குச் சொந்தம். என் வீட்டில் ரோஸ் என்று யாருமே கிடையாது, கமலம்தான் இருந்தார். காதுக்கு இதம் என்பதற்காக யாரோ ஒருவர் பெயரை நான் ஏன் வைக்க வேண்டும்?

தூத்துக்குடி_மேரி:
நான் கேட்டதற்கு இது பதில் இல்லை.

கயல்_அம்மா:
2021 ஜனவரி 20 அன்று அமெரிக்கத் துணை அதிபராகப் பதவியேற்றபோது கமலா தேவி ஹாரிஸ் என்று நடுப்பெயரோடுதான் உறுதிமொழி எடுத்தார். தங்கை மாயா லட்சுமி ஹாரிஸ். அவர்கள் அம்மா சியாமளா கோபாலன் தேவியையும் லட்சுமியையும் நடுவில் வைத்துத்தான் பிள்ளைகளை வளர்த்தார். யாருக்கு இழுத்தது?

டல்லாஸ்_மாறன்:
நன்றி கயல், எனக்காகவே வாதாடியிருக்கிறீர்கள். தே-வி இரண்டு. லட்சு-மி இரண்டு. மூன்று இல்லை.

வெண்பாப்பிரியன்:
லட்-சுமி! நேர் நிரை! வெட்டுகிற இடத்தையே தப்பாக வெட்டிவிட்டு இரண்டு என்று எண்ணிக்கை மட்டும் சரியாகச் சொல்கிறார். லட்சுமி ஈரசை, கமலமும் ஈரசை. லட்சுமி இழுக்காது என்றால் கமலம் மட்டும் எப்படி இழுக்கும்? இதற்கு மட்டும் பதில் வராது.

டல்லாஸ்_மாறன்:
வருமே. கமலம் மூன்றசை.

பாஸ்போர்ட்_பாலு:
அசையை விடுங்கள். இந்திய பாஸ்போர்ட்டில் நடுப்பெயருக்கென்று தனிக் கட்டமே கிடையாது. அமெரிக்க பாஸ்போர்ட்டிலும் முதற்பெயரும் நடுப்பெயரும் ஒரே வரியில்தான் வரும். பின்னால் குழந்தைக்கு ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) எடுக்கும்போது எழுத்து ஒன்று மாறினாலும் அலைச்சல். கடைசிப்பெயர்க் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப்பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் உள்ளே விடமாட்டோம் என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தது. அப்பா பெயர் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகுதான் தளர்த்தினார்கள். கமலத்துக்கு ஆங்கிலத்தில் கடைசி எழுத்து M-ஆ, A-ஆ என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

வெண்பாப்பிரியன்:
பாலு, இங்கே யாரும் விசா கேட்கவில்லை.

மதுரை_மீனா:
எனக்கு வேறு சந்தேகம். கடைசிக் கட்டம் கணவருக்கு என்று எழுதி வைத்தது யார்? தமிழ்நாட்டிலேயே அம்மா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். யாழினி கமலம் பொன்னி என்று மூன்று தலைமுறைப் பெண்களையும் ஒரே பெயரில் வைக்கலாமே? பத்து மாதம் சுமப்பவருக்கு ஒரு கட்டம் கூடவா கிடையாது?

பொன்னி_நியூஜெர்சி:
மீனா, அது நானும் அவரும் பேசி முடித்த விஷயம். அதை இங்கே இழுக்காதீர்கள். நான் பேசியது நடுப்பெயரைப் பற்றி.

மதுரை_மீனா:
பொதுவில் போட்டுவிட்டு இழுக்காதே என்றால் எப்படி?

யாப்பு_மாணவன்:
வெண்பாப்பிரியன் அண்ணே, கேட்கிறேன் என்று கோபிக்காதீர்கள். யாழினி கூவிளம், சரி. கமலம் நிரையில் தொடங்குகிறது. விளம் முன் நேர், அதாவது விளத்தில் முடியும் சீருக்கு அடுத்த சீர் நேரில் தொடங்கினால்தானே வெண்டளை, வெண்பாவுக்கு உரிய கட்டு? இங்கே விளம் முன் நிரை வருகிறது. தளை தட்டுகிறதே?

டல்லாஸ்_மாறன்:
ஆக, இழுக்கிறது! அவர் கணக்குப்படியே இழுக்கிறது!

வெண்பாப்பிரியன்:
தம்பி, குழந்தை பெயரை வெண்பாவில் வை என்று நான் எங்கே சொன்னேன்? விளம் முன் நிரை வந்தால் நிரையொன்றாசிரியத்தளை. ஆசிரியப்பாவுக்கு உரிய தளை. சங்கப் பாட்டில் பெரும்பகுதி ஆசிரியப்பாதான். அந்த ஓசை இழுக்கிறது என்று சொல்லும் காது மாறனுடைய காது ஒன்றுதான். கமலத்துக்குப் பின்னால் செந்தில்குமார் வந்தால் மா முன் நேர், அதுவும் ஆசிரியத்தளை, நேரொன்று. ஒரே சீராகப் போகிறது. ஓரடியில் முக்கால்வாசி கையில் இருக்கிறது, நாலாவது சீராக ஊர்ப் பெயரைச் சேர்த்தால் அடியே முழுதாகிவிடும். இதைவிட என்ன வேண்டும்?

டல்லாஸ்_மாறன்:
பள்ளிக்கூட வாசலில் நின்று ஆசிரியப்பாவிலா கூப்பிடப் போகிறார்கள்? வாயைத் திறந்து சொல்லிப் பாருங்கள். க. ம. லம்.

பொன்னி_நியூஜெர்சி:
தினமும் சொல்லிப் பார்க்கிறேன் மாறன். யாழினி கமலம். எனக்கு எங்கேயும் இழுக்கவில்லை. நடுப்பெயரைப் பள்ளியில் தினமும் யார் கூப்பிடப் போகிறார்கள்? அது காகிதத்தில் இருந்தால் எனக்குப் போதும். இதில் நான் மாறப்போவதில்லை.

டல்லாஸ்_மாறன்:
அப்புறம் எதற்கு எங்களைக் கேட்டீர்கள்?

பொன்னி_நியூஜெர்சி:
நான் உங்களைக் கேட்கவே இல்லை. நீங்களாகத்தான் வந்து ரோஸ் என்றீர்கள்.

தூத்துக்குடி_மேரி:
மறுபடியும் ரோஸ்.

டல்லாஸ்_மாறன்:
இன்று இரவு நானே சொல்லி ஒலிப்பதிவு செய்து போடுகிறேன். எத்தனை முறை வாய் திறக்கிறது என்று எல்லோரும் எண்ணட்டும்.

வெண்பாப்பிரியன்:
போடுங்கள். அதன் கீழேயே அசை பிரித்து எழுதுகிறேன், கம, லம் என்று. அதற்கு முன்னால் அந்தச் சித்திரை விஷயத்தில் நான் கேட்ட ஆதாரத்தையும் போடுங்கள். பொங்கலிலிருந்து காத்திருக்கிறேன்.