குவாலிஸ் கிளட்ச் பெடல் தானாக இறங்குகிறது, கிட் மாற்றியும் சரியாகவில்லை

கொடைரோடு குவாலிஸ்:
அப்பா வாங்கிய 2002 மாடல் டொயோட்டா குவாலிஸ், டீசல். விற்க மனசில்லை, அதனால் நானே பார்த்துக்கொள்கிறேன். இரண்டு மாதம் முன்பு கிளட்ச்சை மிதித்தபடி சிக்னலில் நின்றால் பெடல் மெல்ல மெல்லக் கீழே போக ஆரம்பித்தது. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று பல் உரசும். வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை, கிளட்ச் ஆயில் டப்பாவில் அளவும் குறையவில்லை. ஊரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு ரப்பர் கிட் (உள்ளே இருக்கும் ரப்பர் பாகங்கள்) மாற்றினார்கள். மூன்று வாரம் நன்றாக ஓடியது. இப்போது மறுபடியும் இறங்குகிறது, போதாததற்கு காலை எடுத்தாலும் பெடல் சோம்பலாகத்தான் மேலே வருகிறது. கிட் மட்டமா? அடுத்த வாரம் குடும்பத்தோடு கொடைக்கானல் ஏற வேண்டும்.

கரூர் டீசல்:
கிட்டெல்லாம் வேண்டாம், முழு சிலிண்டரையே மாற்றிவிடுங்கள். மலை ஏறும் வண்டியில் பரிசோதனை எதற்கு?

பழைய பட்டறை:
தம்பி, கழற்றிய சிலிண்டரை எதில் கழுவினார்கள்? பக்கத்தில் நின்று பார்த்தாயா?

கொடைரோடு குவாலிஸ்:
பார்த்தேன் அண்ணா. பெட்ரோலில் கழுவி, பிஸ்டனில் மாட்டும் ரப்பர் கப்பில் கிரீஸ் தடவிப் போட்டார்.

பழைய பட்டறை:
அங்கேதான் தப்பு. கிளட்ச் லைனில் ஓடுவதும் பிரேக் ஆயில்தான். அதற்கென்று செய்த ரப்பருக்குப் பெட்ரோல், டீசல், சாதாரண கிரீஸ் எதுவும் ஆகாது. பட்டால் ஊறி உப்பிவிடும். உப்பிய கப் சிலிண்டருக்குள் இறுக்கிப் பிடிக்கும். பெடல் சோம்பலாக வருவது அதனால்தான். கழுவ, தடவ, எல்லாவற்றுக்கும் புது டாட் 3 பிரேக் ஆயில் மட்டுமே. கிரீஸ் வேண்டுமென்றால் ரப்பர் கிரீஸ் என்றே கேட்டு வாங்கு.

ஒழுகாமலே பெடல் இறங்கினால் முன் கப்பின் உதட்டைத் தாண்டி ஆயில் பின்பக்கம் நழுவுகிறது என்று அர்த்தம். பின் கப் போயிருந்தால் பெடலோடு சேரும் புஷ் ராடின் ரப்பர் உறை (பூட்) நனைந்து உன் கால் பக்கம் சொட்டும்.

இப்போது செய்ய வேண்டியது இது. டேஷ்போர்டுக்கு அடியில் பெடலையும் புஷ் ராடையும் இணைக்கும் பின்னைக் கழற்று. பைப் நட்டுக்கு வாய் திறந்த ஸ்பானர் போடாதே, முனை மழுங்கிவிடும். நட்டைச் சுற்றிப் பிடிக்கும் பிளேர் நட் ஸ்பானர் வேண்டும். ராடை உள்ளே அமுக்கிப் பிடித்துக்கொண்டு பிஸ்டனை வெளியே வராமல் தடுக்கும் சர்க்கிளிப்பை எடுத்தால் பிஸ்டன் வந்துவிடும். பிறகு சிலிண்டர் உட்சுவரைத் துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பார். முக்கியமாக அடிப்பக்கம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். அந்தத் தண்ணீர் அடியில் தங்கித்தான் அரிக்கும். நகத்தை ஓட்டிப் பார்த்து ஒரு குழியிலாவது மாட்டினால் கரூர்க்காரர் சொன்னதுதான் சரி, முழு சிலிண்டர் மாற்று. வெறும் கறை என்றால் புது கிட் போதும். கப்பின் உதடு அழுத்தம் வரும் பக்கம், அதாவது எஞ்சின் பக்கம் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்று. அந்தக் கிரீஸ் பைப் வழியாகக் கீழேயும் போயிருக்கும். கீழே கிளட்ச்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் கப், ரப்பர் ஹோஸ் இரண்டையும் சேர்த்தே மாற்று. லைனைப் புது ஆயில் ஊற்றி முழுக்கக் கழுவு. பெயின்ட்டில் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவு, இல்லையென்றால் பெயின்ட்டை உரித்துவிடும்.

கொடைரோடு குவாலிஸ்:
நேற்று பிரித்தேன் அண்ணா. முன் கப் காளான் மாதிரி விரிந்திருந்தது, விரலால் தள்ளியும் பிஸ்டன் நகரவில்லை. அடியில் நகம் இரண்டு இடத்தில் மாட்டியது. புது சிலிண்டரே வாங்கிவிட்டேன், ஸ்லேவ் கிட்டும் ஹோஸும் சேர்த்து. ஆனால் தம்பி மிதிக்க, நான் ஸ்லேவில் காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறக்க, ஒரு மணி நேரமாக லைனில் ஏர் எடுத்தும் பெடல் பஞ்சு மாதிரிதான் இருக்கிறது.

பழைய பட்டறை:
காற்று மேலேதான் ஏறும், நீ அதைக் கீழே இழுக்கிறாய். பெரிய சிரிஞ்சில் ஆயில் எடுத்து, டியூப் மாட்டி, ஸ்லேவ் நிப்பிள் வழியாக மெதுவாக மேலே தள்ளு. டப்பா நிரம்பி வழியாமல் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். அப்புறம் புஷ் ராடில் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறதா பார். துளியும் இல்லையென்றால் பிஸ்டன் முழுக்கத் திரும்பாது, லைனில் அழுத்தம் நிற்கும், ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கும்.

கொடைரோடு குவாலிஸ்:
சிரிஞ்சில் இரண்டு முறை தள்ளியதும் டப்பாவில் குமிழி குமிழியாக வந்தது. பெடல் கெட்டியாகிவிட்டது! ராடில் ஆட்டமே இல்லை, லாக் நட்டைத் தளர்த்திச் சரிசெய்தேன். எஞ்சின் ஓடும்போது பத்து நிமிடம் மிதித்தே வைத்திருந்தேன், இறங்கவில்லை. ரிவர்ஸும் சத்தமில்லாமல் விழுகிறது. மிகவும் நன்றி அண்ணா. முதலில் வத்தலக்குண்டு வரை தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடும்பத்தை ஏற்றுவேன்.