வீட்டுப் பட்டறைக்கு ஸ்க்ரூ டிரைவர்: 40 உருப்படி செட்டா, பொறுக்கியெடுத்த ஐந்தாறா?

புதுப்பட்டறை:
வீட்டில் சும்மா கிடந்த ஓர் அறையைக் காலி செய்து மேசையும் வைஸும் போட்டாயிற்று. அடுத்து ஸ்க்ரூ டிரைவர் வாங்க வேண்டும். கையில் இருக்கும் 40 உருப்படி செட் இரண்டே வருடத்தில் போய்விட்டது. போன வாரம் அலமாரிக் கதவின் கீலைக் கழற்றும்போது மூன்று ஸ்க்ரூவின் தலை மொட்டையாகிவிட்டது, டிரைவர் முனையும் கெட்டுவிட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நான்கு இறகும் விசிறி இறக்கை மாதிரி ஒரே பக்கமாக முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. மறுபடியும் ஒரு பெரிய செட், இந்த முறை கொஞ்சம் நல்லதாக வாங்கலாமா, இல்லை ஐந்தாறு மட்டும் தனித்தனியாக எடுக்கலாமா? மர வேலை, வீட்டு ரிப்பேர், ஒரு பழைய ஜப்பானிய பைக், இவ்வளவுதான் என் தேவை.

கடைசல்:
வாங்குவது இருக்கட்டும், முதலில் அந்த மொட்டையான ஸ்க்ரூவைப் பாருங்கள். குழியில் வெறும் கூட்டல் குறி மட்டும்தானா, இல்லை அந்தக் குறியின் இடைவெளிகளில் சாய்வாக நான்கு மெல்லிய கோடுகள் கீறியிருக்கின்றனவா?

புதுப்பட்டறை:
டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆமாம், முடி அளவுக்கு நான்கு கோடுகள் இருக்கின்றன. அழகுக்காகப் போட்டது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

கடைசல்:
அங்கேதான் கோளாறு. அது போஸிடிரைவ். நீங்கள் செருகியது பிலிப்ஸ். இரண்டையும் நாம் 'ஸ்டார்' என்ற ஒரே பெயரில் கூப்பிடுவதால் பாதி ஸ்க்ரூ அநியாயமாகச் சாகிறது. பிலிப்ஸ் குழியின் பக்கச் சுவர்கள் சாய்வானவை, அதனால் திருகத் திருக டிரைவரை வெளியே தள்ளும். போஸிடிரைவில் அந்தச் சுவர்கள் ஏறக்குறைய நேராக நிற்கும், சரியான முனையைப் போட்டால் அவ்வளவாகத் தள்ளாது. ஆனால் அதில் பிலிப்ஸைச் செருகினால் முனை அடிவரை இறங்காமல் விளிம்பில் மட்டும் பிடிக்கும், விளிம்பு நசுங்கும், கொஞ்ச நேரத்தில் வட்டக் குழிதான் மிச்சம்.

அதனால் என் பதில், செட் வேண்டாம். பிலிப்ஸ் 1, பிலிப்ஸ் 2, போஸிடிரைவ் 2 (எண் முனையின் அளவு), தட்டை முனையில் 4 மில்லிமீட்டர் ஒன்று, 5.5 மில்லிமீட்டர் ஒன்று. ஐந்தும் நல்ல கம்பெனியாக, வேரா, வீஹா, பி.பி. ஸ்விஸ், வெஸ்ஸல், எது கிடைக்கிறதோ அது. 40 உருப்படி செட்டில் பாதி உங்கள் கையில் ஒரு தடவைகூட ஏறாது, ஏறுகிற நான்கைந்தும் மட்ட இரும்பாக இருக்கும்.

இரும்புக்கை:
இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. முப்பது வருடமாகக் கையால் வேலை செய்கிறேன். ஸ்க்ரூ மொட்டையாவது டிரைவரின் குற்றம் என்பதைவிடக் கையின் குற்றம் என்பதுதான் உண்மை. முக்கால் பலம் அழுத்தத்துக்கு, கால் பலம் திருகலுக்கு, இப்படிப் பழகினால் சாதாரண டிரைவரே போதும். புதிதாகத் தொடங்குகிற தம்பியிடம் ஐந்து டிரைவருக்கு அவ்வளவு பணத்தைக் கொட்டச் சொல்கிறீர்கள். அந்தப் பணத்தில் நல்ல வைஸோ நல்ல டிரில்லோ வாங்கினால் பட்டறை முழுக்கப் பயன்படும். டிரைவரில் 'குரோம் வனேடியம்' என்று அச்சடித்திருந்தால் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கடைசல்:
அழுத்தம் பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, அதில் தகராறே இல்லை. ஆனால் அந்த அச்சை நம்பச் சொல்வதுதான் ஆபத்து. குரோம் வனேடியம் என்பது எஃகில் என்ன கலந்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், அதை எப்படிச் சூடாக்கி எப்படிக் குளிர வைத்தார்கள் என்று சொல்லாது. டிரைவரின் உயிர் அந்தப் பதத்தில்தான் இருக்கிறது. நல்ல முனையின் கடினம் ராக்வெல் சி அளவில் பெரும்பாலும் 52 முதல் 60 வரை இருக்கும். அதற்குக் கீழே போனால் புதுப்பட்டறையின் டிரைவர் மாதிரி முறுக்கிக்கொள்ளும், ரொம்ப மேலே போனால் ஓரம் சில்லாகத் தெறிக்கும். முறுக்கிய இறகை அவரே கண்ணால் பார்த்திருக்கிறார். எவ்வளவு பழகிய கையாக இருந்தாலும் அந்த முனையால் ஸ்க்ரூவைப் பிடிக்க முடியாது ஐயா.

இன்னொன்றும் பாருங்கள். மட்டமான டிரைவரில் முனைவரைக்கும் குரோம் பூச்சு பளபளக்கும். நல்லதில் பெரும்பாலும் முனை மட்டும் கறுப்பாகவோ மங்கலாகவோ இருக்கும். பூச்சு ஏறினால் முனையின் அளவு கொஞ்சம் மாறும், நாளாவட்டத்தில் உரிந்தும் வரும். முனை துல்லியமாக உட்கார வேண்டும் என்பவர்கள் அங்கே பூச்சைத் தவிர்க்கிறார்கள்.

ஞாயிறு தச்சன்:
இரண்டு பேரும் தனித்தனி டிரைவரைப் பற்றியே பேசுகிறீர்கள். ஒரே ஒரு நல்ல பிடி, அதில் 6.35 மில்லிமீட்டர் அறுகோண பிட், அதாவது கழற்றி மாட்டும் முனை, மாட்டிக்கொள்ளலாம், வேலை முடிந்தது. பிலிப்ஸ், போஸி, டார்க்ஸ், சதுரம், எல்லாம் ஒரு கைப்பிடிப் பெட்டியில் அடங்கும். முனை தேய்ந்தால் பிட்டை மட்டும் மாற்றினால் போதும். டிரைவர் முனை தேய்ந்தால் டிரைவரையே அல்லவா தூக்கிப் போட வேண்டும்? அதே பிட் பேட்டரி டிரில்லிலும் ஏறும்.

அதோடு மர வேலை என்றால் பிலிப்ஸ் ஸ்க்ரூ வாங்குவதையே விடுங்கள். அந்தத் தலையை 1930களில் அமெரிக்க கார் தொழிற்சாலைகள் எடுத்துக்கொண்டதற்கு ஒரு பெரிய காரணம், டிரைவர் தானாகவே குழியின் நடுவில் போய் உட்காரும் என்பது. வரிசையாக நின்று வேகமாக முடுக்குகிறவர்களுக்கு அது வசதி. மேசையில் நிதானமாக வேலை செய்கிற நமக்கு அந்த வசதி எதற்கு? 1967இல் வந்த டார்க்ஸ், ஆறு முனை நட்சத்திரக் குழி, செங்குத்துச் சுவர். நான் மூன்று வருடமாக மரத்துக்கு டார்க்ஸில் டி 20, டி 25 என்ற இரண்டு அளவை மட்டும்தான் வைத்துக்கொள்கிறேன். இந்த மூன்று வருடத்தில் மொட்டையான ஸ்க்ரூ என்று ஒன்றுகூட என் மேசையில் இல்லை.

சாலிடர்:
புதிதாக அடிக்கிற ஸ்க்ரூவை நாம் தேர்ந்தெடுக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ரிப்பேரில் ஏற்கெனவே இருக்கிற ஸ்க்ரூவைத்தானே கழற்ற வேண்டும்? அவர் கேட்டதில் பாதி ரிப்பேர்.

அப்புறம், பைக் ஜப்பானியது என்கிறார், அதை யாருமே கவனிக்கவில்லை. என்ஜின் மூடி ஸ்க்ரூவின் தலையில் ஓரமாக ஒரு சின்னப் புள்ளி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஜே.ஐ.எஸ்., ஜப்பானியத் தர அளவு. பார்ப்பதற்கு பிலிப்ஸ் மாதிரியே இருக்கும், குழியின் வடிவம் கொஞ்சம் வேறு. சாதாரண பிலிப்ஸ் முனை அதன் அடிவரை இறங்காது. வருடக்கணக்கில் சூடும் துருவும் ஏறிய ஸ்க்ரூவில் அந்தச் சின்ன இடைவெளி போதும், முதல் திருப்பிலேயே தலை போய்விடும். புள்ளி இல்லாத ஜே.ஐ.எஸ். ஸ்க்ரூவும் உண்டு, அதனால் ஜப்பானிய வண்டி என்றாலே முதலில் ஜே.ஐ.எஸ். முனையைச் செருகிப் பார்ப்பது நல்லது. கடைசல் அண்ணா சொன்ன பட்டியலில் பிலிப்ஸ் 2க்குப் பதிலாக வெஸ்ஸலின் ஜே.ஐ.எஸ். 2 எடுத்தால் வீட்டிலிருக்கும் பிலிப்ஸ் ஸ்க்ரூவிலும் நன்றாகவே உட்காரும்.

கடைசல்:
சாலிடர் சொன்னது நான் விட்டுவிட்ட விஷயம், பட்டியலை அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள்.

தச்சனுக்கு: பிட் பிடி என்னிடமும் இருக்கிறது, டார்க்ஸுக்கு அதைத்தான் எடுக்கிறேன். ஆனால் பிட்டைப் பிடிக்கும் கழுத்து ஒரு விரல் தடிமன் இருக்கும். ஆழமான துளைக்குள் இருக்கும் ஸ்க்ரூவுக்கு அந்தக் கழுத்து வாயிலேயே தட்டி நின்றுவிடும், ஒல்லித் தண்டு டிரைவர்தான் உள்ளே போகும். பிட்டுக்கும் பிடிக்கும் நடுவே இருக்கிற ஆட்டமும் இறுகிய ஸ்க்ரூவில் கையில் தெரியும்.

இரும்புக்கை:
ஆழத் துளைக்கு 50 மில்லிமீட்டர் பிட், அதைவிட நீளமான பிட்டெல்லாம் வந்துவிட்டது, அந்தக் குறை பாதி தீர்ந்தது. இந்த விஷயத்தில் நான் தச்சன் பக்கம். இறுகிய ஸ்க்ரூவுக்கு எளிய வழி நீளமான டிரைவர். நீளம் கூடினால் பலம் கூடும், இது எந்தப் பட்டறையிலும் சொல்வார்கள்.

சாலிடர்:
சொல்வார்கள், ஆனால் ஸ்பேனரின் கணக்கு வேறு, டிரைவரின் கணக்கு வேறு. ஸ்பேனரில் நீளம்தான் நெம்பும் தூரம். டிரைவரில் அந்த வேலையைச் செய்வது பிடியின் பருமன். 24 மில்லிமீட்டர் பிடியை 36 ஆக்கினால், கை அதே பலத்தில் பிடித்தாலே முனையில் முறுக்குவிசை ஒன்றரை மடங்காகும். தண்டை இரண்டு மடங்கு நீட்டினாலும் அந்த விசை துளியும் ஏறாது.

இரும்புக்கை:
கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் என் கை அனுபவமும் பொய் இல்லை. குட்டி டிரைவரால் அசையாத ஸ்க்ரூவை நீள டிரைவரால் எத்தனை முறை எடுத்திருக்கிறேன்.

கடைசல்:
இரண்டும் சேர்ந்தே உண்மை. நீள டிரைவர்களுக்கு வழக்கமாகப் பிடியும் பருமனாக இருக்கும், ஒரு காரணம் அது. இன்னொன்று, நீளத் தண்டில் பிடி கொஞ்சம் விலகினாலும் முனையில் கோணம் அதிகம் சாயாது, அதனால் குழியில் முழுதாக உட்கார்ந்தே இருக்கும். தண்டின் அடியில், பிடிக்குப் பக்கத்தில், அறுகோணமாக இருக்கிற டிரைவராக ஒன்று வாங்கிக்கொண்டால் அதில் ஸ்பேனரை மாட்டித் திருப்பலாம். அப்போதுதான் உண்மையான நெம்புகோல் பலம் வரும்.

மின்கம்பி:
வீட்டு ரிப்பேர் என்றால் சுவிட்ச் பலகையும் வரும். பிளாஸ்டிக் பிடி இருந்தால் போதும் என்று யாரும் நினைக்க வேண்டாம், இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மின்சார வேலைக்கு உரிய டிரைவரில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும், ஐ.இ.சி. 60900 தர அளவு. முனையை மட்டும் விட்டுவிட்டுத் தண்டு முழுக்கக் காப்பு உறை போட்டிருக்கும், ஒவ்வொன்றையும் 10,000 வோல்ட்டில் சோதித்த பிறகே வெளியே விடுவார்கள். உறையில் கீறல் விழுந்தால் அதை மின்வேலைக்கு எடுக்கவே கூடாது. அது கையில் இருந்தாலும் மெயினை அணைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். மேலே சொன்ன பட்டியலில் தட்டை முனை 4 மில்லிமீட்டரை இந்த வகையில் எடுத்தால் தனியாக ஒன்று வாங்க வேண்டியதில்லை.

புதுப்பட்டறை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி டார்ச்சோடு வீட்டைச் சுற்றினேன். கீல், இழுப்பறை எல்லாம் போஸி. பைக்கில் பார்த்த எட்டு ஸ்க்ரூவில் ஆறில் புள்ளி இருக்கிறது. கடையில் வாங்கும்போது நல்ல டிரைவரா என்று அங்கேயே எப்படிப் பார்ப்பது?

கடைசல்:
சட்டைப் பையில் உங்கள் ஸ்க்ரூ நாலைந்தை எடுத்துக்கொண்டு போங்கள். முனையில் செருகி டிரைவரைப் படுக்கை வாக்கில் பிடியுங்கள். காந்தம் இல்லாமலே ஸ்க்ரூ விழாமல் நின்றால் பொருத்தம் நல்லது. பிறகு ஸ்க்ரூவை இரண்டு விரலால் பிடித்து இடதும் வலதுமாக ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் எந்தப் பெயர் அச்சடித்திருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். தட்டை முனை என்றால் அகலம் மட்டும் பார்த்தால் போதாது, தடிமனும் ஸ்க்ரூவின் வெட்டை நிரப்ப வேண்டும். 4 மில்லிமீட்டர் அகலத்துக்கு 0.8 தடிமன், 5.5க்கு 1 மில்லிமீட்டர், இதுதான் வழக்கமான அளவு.

புதுப்பட்டறை:
வாங்கிவிட்டேன். ஜே.ஐ.எஸ். 2, பிலிப்ஸ் 1, போஸி 2, காப்பு போட்ட தட்டை 4, அறுகோணக் கழுத்தோடு தட்டை 5.5. டார்க்ஸுக்கு தச்சன் சொன்ன பிட் பிடி. கீலுக்குத் திரும்பினேன். மொட்டையான முதல் ஸ்க்ரூவில் போஸி 2ஐ வைத்துச் சுத்தியால் இரண்டு தட்டு தட்டினேன், முனை இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது கையில் தெரிந்தது, அழுத்தித் திருப்பியதும் கழன்றுவிட்டது. இரண்டாவதும் அப்படியே வந்தது. மூன்றாவதில் பிடிக்க ஒன்றுமே மிச்சமில்லை.

இரும்புக்கை:
தம்பி, மூன்றாவதோடு இனி மல்லுக்கட்ட வேண்டாம். ஸ்க்ரூ தண்டின் பருமனுக்கு டிரில் பிட் போட்டு, தலையின் நடுவில் நிதானமாகத் துளையிடுங்கள். தலை வளையம் மாதிரி கழன்று வரும், கீலைத் தூக்கிவிடலாம். மரத்தில் நிற்கும் தண்டைப் பூட்டுக் குறடால் இறுக்கிப் பிடித்து இடப் பக்கமாகத் திருப்பினால் வந்துவிடும்.

புதுப்பட்டறை:
வந்துவிட்டது ஐயா. குறடை இரண்டு சுற்று திருப்பியதும் மீதியைக் கையாலேயே கழற்றினேன்.